ஆடாத தட்டு

எங்கள் ஆய்வகத்தில் அவரைத் தட்டக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். சாப்பாட்டுத் தட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் தொண்ணூற்றாறு சின்னஞ்சிறு குழிகள், குழிக்குக் குழி உயிருள்ள செல்கள். அந்தத் தட்டுகளோடு பத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர் அவர். பட்டம் என்று பார்த்தால் ஒரு டிப்ளமோதான். ஆனால் அவர் வளர்க்கிற செல்களைப் பார்த்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர் ஒருவர், "இதுங்களுக்கு என்னதான் ஊட்டுறாங்க?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டிருக்கிறார்.

நான் அங்கே வெளி அறையில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்பவன். உள்ளே போகிற தகுதி எனக்குக் கிடையாது. உள்ளே போக இரண்டு கதவுகள், இரண்டு ஜோடிக் கையுறைகள், கழுத்துவரை மூடிய அங்கி, முகத்துக்கு ஒரு கவசம் எல்லாம் வேண்டும். உள்ளே இருப்பது எச்.ஐ.வி. அதனால் நடந்ததில் பாதியை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன், மீதியைத் தட்டக்காவே சொல்லக் கேட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருடைய நாத்தனார் ஆறு மாதம் அவர் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லையாம். "தொட்டா ஒட்டுற வியாதியா இருந்தா முதல்ல எனக்குல்ல ஒட்டியிருக்கணும் அண்ணி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுத் தட்டக்கா வேலைக்குக் கிளம்பிவிடுவாராம். கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் மட்டும் முதல் நாளிலிருந்தே, "என் பொண்டாட்டி வைரஸையே அடக்கி வச்சிருக்கா, நான் எம்மாத்திரம்" என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தவர்.

எங்கள் ஆய்வகத்தின் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். எச்.ஐ.வி.யோடு வாழ்கிற நாற்பத்தைந்து பேர் வருஷத்துக்கு இரண்டு முறை எங்களுக்கு ரத்தம் கொடுக்கிறார்கள். அந்த ரத்தத்தில் வைரஸை எதிர்க்க உடம்பே செய்துகொண்ட ஆன்டிபாடிகள் இருக்கும். சிலருடைய ஆன்டிபாடி பெயருக்கு இருக்கும், சிலருடையது வைரஸை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். நல்லதாகத் தெரிகிறதைப் பிரித்தெடுத்து, அதே போல நிறையத் தயாரித்து, வைரஸோடு மோதவிட்டுப் பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. ரத்தம் தந்தவரின் எண்ணே ஆன்டிபாடிக்கும் பெயர். ஒன்று, ஏழு, நாற்பத்தொன்று, இப்படி. எண்ணுக்குப் பின்னால் இருக்கிற ஆள் யார் என்பது ரத்தம் எடுக்கும் நர்ஸுக்கும் அந்த ஆளுக்கும் மட்டும் தெரியும்.

வைரஸ் ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்கு இரண்டு வழியில் போகும். ஒன்று, பழைய செல்லை விட்டு வெளியே வந்து, நீரில் மிதந்து, எங்கோ இன்னொரு செல்லைக் கண்டுபிடித்து நுழைவது. இன்னொன்று, இரண்டு செல்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் இடத்தில், வெளியே மிதக்காமலே பக்கத்துச் செல்லுக்கு நேராகக் கைமாறிவிடுவது. மிதந்து வருகிற வைரஸைப் பிடிப்பதில் கெட்டியாக இருக்கிற ஆன்டிபாடிகள் பலவும் இந்த இரண்டாவது வழியில் கோட்டை விட்டுவிடும். இடுக்கு அவ்வளவு குறுகல், கைமாறும் வைரஸும் ஏராளம்.

இரண்டு வழியையும் அடைக்கிற ஆன்டிபாடி ஒன்று எங்களிடம் இருந்தது. இருந்ததாக நம்பிக்கொண்டிருந்தோம். அதுதான் ஏழு.

ஏழாம் எண்ணைக் கண்டுபிடித்தவர் எங்கள் இரண்டாவது விஞ்ஞானி. நாற்பது வயது, நல்ல மூளை, நல்ல மனசு, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். காலையில் வந்ததும் ஏழு, காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஏழு, கார் நிறுத்தும் இடத்தில் ஏழு. அவருக்கே ஏழு சார் என்று பெயர் வந்துவிட்டது. அவர் செய்த சோதனையில், செல்கள் ஒட்டி நின்ற தட்டிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு பரவலை ஏழு தடுத்திருந்தது. கட்டுரை எழுதி முடித்தாகிவிட்டது. அனுப்புவதற்கு முன் எங்கள் தலைவர், பெரிய டாக்டர் அம்மா, வழக்கப்படி ஒரு வார்த்தை சொன்னார்.

"தட்டக்கா ஒரு தடவை திரும்பச் செஞ்சு பார்த்துடட்டும். அப்புறம் அனுப்பலாம்."

தட்டக்கா செய்தார். வைரஸ் பிடித்த செல்களுக்கு, வைரஸ் போகிற இடமெல்லாம் கூடவே போகிற பச்சைச் சாயம், பிடிக்காத செல்களுக்குச் சிவப்புச் சாயம். இரண்டையும் ஒரே குழியில் விட்டு, ஏழாம் எண் ஆன்டிபாடியைச் சேர்த்து, உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டியில் வைத்தார். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் சிவப்புச் செல்களில் பெரும்பகுதிக்கு வைரஸ் போய்ச் சேர்ந்திருந்தது. ஏழு என்ற ஒன்றைக் குழியில் ஊற்றவே இல்லை என்பது போல இருந்தது. மிதக்கிற வைரஸை மட்டும் வைத்துச் செய்த இன்னொரு தட்டில் அதே ஏழு சிங்கம் போல வேலை செய்திருந்தது.

தட்டக்கா யாரிடமும் சொல்லவில்லை. புதிய செல்கள், புதிய புட்டி, இன்னொரு தடவை. அதே விடை. மூன்றாவது தடவையும் அதே விடை வந்த பிறகுதான் தாளை எடுத்துக்கொண்டு ஏழு சாரிடம் போனார். அவருடைய அறைக் கதவு திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது.

"சார், ஏழு ஒட்டி நிக்கிற செல்லுல நிக்க மாட்டேங்குது."

ஏழு சார் தாளைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"அக்கா, நான் நாலு தடவை செஞ்சிருக்கேன். நாலு தடவையும் தொண்ணூறுக்கு மேல. உங்க கைக்கு மட்டும் எப்படி வராமப் போகும்?"

"அதான் சார் எனக்கும் புரியல."

"கோவிச்சுக்காதீங்க. பத்தொன்பது வருஷம் ஆச்சு. கை கொஞ்சம் தளர்ந்திருக்கலாம். பிப்பெட்ட ஒரு தடவை சரி பார்த்துடுங்க."

தட்டக்கா தாளை வாங்கி மடித்துக்கொண்டு வெளியே வந்தார். என் மேசையைக் கடக்கும்போது நான் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை. "உக்காருங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை அவர் துளி அளந்து ஊற்றும் பிப்பெட்டுகளை வரிசையாக வைத்து, தண்ணீரை உறிஞ்சி, தராசில் துளித் துளியாக நிறுத்துக்கொண்டிருந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒரு துளிகூடப் பிசகவில்லை.

வீட்டில் அவர் முகத்தைப் பார்த்ததுமே கணவருக்கு விஷயம் புரிந்துவிட்டதாம். தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாராம்.

"யாரு என்ன சொன்னாங்க?"

"கை தளர்ந்துபோச்சாம்."

"அந்த ஏழாயிரம் சாரா?"

"ஏழு சார். சும்மா இருங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. பிப்பெட்ட சரி பார்த்தேன். சரியாத்தான் இருக்கு."

"அப்போ உன் மேல தப்பில்ல. இத அந்தாளு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வா."

"தப்பு யாரு மேலன்னு தெரிஞ்சு எனக்கென்ன ஆகப்போகுது? ஒரே சோதனை, ரெண்டு விடை. ஏன்னு தெரியணும். அது தெரியாம எனக்குச் சோறு இறங்காது."

"அப்ப சீக்கிரம் கண்டுபிடி, நீ சாப்பிடலன்னா எனக்கும் கிடைக்காது" என்றாராம் கணவர்.

மறுநாள் தட்டக்கா நேராக ஏழு சாரிடம் போனார். "சார், நீங்க ஒரு தடவை செய்யுங்க. நான் பக்கத்துல நின்னு பார்க்கிறேன். எங்க தப்பு விடறேன்னு எனக்குத் தெரிஞ்சுடும்ல?"

அப்படிக் கேட்டால் யார் மறுப்பார்கள்? ஏழு சாருக்கும் முந்தின நாள் பேசியது உறுத்திக்கொண்டிருந்தது போல. இருவரும் உள்ளே போனார்கள்.

அக்கா ஒவ்வொன்றாகக் கவனித்தார். செல்களை எண்ணியது சரி. சாயம் சரி. ஆன்டிபாடியின் அளவு சரி. கை சுத்தம். சொல்லப்போனால் ஏழு சாரின் கை மிக நல்ல கை என்று பிறகு என்னிடம் சொன்னார். எல்லாம் முடிந்து, தட்டை மூடி, ஏழு சார் அதை எடுத்துக்கொண்டு இடது பக்க இன்குபேட்டருக்குப் போனார். அக்கா எப்போதும் வைப்பது வலது பக்கத்தில். இடது பக்கத்து இன்குபேட்டருக்குள் வேறொரு வேலைக்காகப் பொருத்திய ஒரு மேடை உண்டு. மெள்ள மெள்ள இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருக்கும், தூளி போல.

ஏழு சார் தட்டை அந்த மேடை மேல் வைத்துக் கதவைச் சாத்தினார்.

"எப்பவும் இதுலதான் வைப்பீங்களா சார்?"

"ஆமா. வலது பக்கம் உங்க தட்டுங்க நிரம்பி இருக்கும். இது காலியா இருக்கும்."

"ஆடுதே?"

"லேசாத்தான அக்கா ஆடுது. அதுனால என்ன?"

அக்கா வெளியே வந்து, கையைக் கழுவி, என் மேசைக்கு வந்தார். "தம்பி, ஏழு சார் செஞ்ச நாலு சோதனையோட முதல் தாள் வேணும். கட்டுரையில இருக்கிறது இல்ல. மெஷின்ல இருந்து வந்தது."

எடுத்துக் கொடுத்தேன். விரலை வைத்துத் தேடினார். எந்தச் சோதனையிலும் ஆன்டிபாடியே போடாத சில குழிகள் இருக்கும். தடுப்பே இல்லாமல் வைரஸ் எவ்வளவு பரவும் என்று தெரிந்துகொள்ள அவை. அக்காவின் தட்டுகளில் அந்தக் குழிகளில் நூறு சிவப்புச் செல்களில் நாற்பத்தைந்து, ஐம்பது வரை வைரஸ் பிடித்திருந்தது. ஏழு சாரின் தாளில் அதே குழிகளில் எட்டு, ஒன்பது, பதினொன்று. கட்டுரையில் விகிதம் மட்டும் போட்டிருந்ததால் இது யார் கண்ணிலும் படவில்லை.

"தம்பி, இதுல செல்லுங்க ஒண்ணையொண்ணு தொடவே இல்ல" என்றார் அக்கா. குரல் மெதுவாகத்தான் வந்தது. "ஆட்டிக்கிட்டே இருந்தா எப்படி ஒட்டி நிக்கும்? பக்கத்துல வரும்போதே தள்ளி விட்டுடும். அப்போ பரவுனதெல்லாம் மிதந்து வந்த வைரஸ் மட்டும்தான். அத ஏழு பிடிச்சிடுச்சு. அதுல அது கெட்டிதானே."

"அப்போ ஏழு சார் சோதனை தப்பா?"

"சோதனை சரி. அவர் நினைச்ச கேள்வி வேற, தட்டு பதில் சொன்ன கேள்வி வேற."

வேறு யாராக இருந்தாலும் நேராகப் பெரிய டாக்டர் அறைக்குத்தான் போயிருப்பார்கள். கை தளர்ந்துவிட்டது என்று நாக்கூசாமல் சொன்ன ஆளைப் பற்றிச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அக்கா ஏழு சாரிடமே போனார்.

"சார், இன்னைக்கே ரெண்டு தட்டு போடுவோம். நீங்க ஒண்ணு நான் ஒண்ணு வேணாம். ரெண்டையும் நீங்களே போடுங்க. ஒரே செல், ஒரே புட்டி, ஒரே கை. ஒண்ண ஆடற மேடையில வைங்க. இன்னொண்ண வலது பக்கத்துல ஆடாம வைங்க."

இரண்டு நாள் கழித்து ஏழு சார் உள்ளேயிருந்து வெளியே வந்தார். தலைமுடி வியர்வையில் ஒட்டியிருந்தது. தாளை என் மேசையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார். ஆடிய தட்டில் ஏழு தொண்ணூற்றைந்து. ஆடாத தட்டில் பன்னிரண்டு.

அக்கா வந்தார். ஏழு சார் திரும்பினார்.

"அக்கா, உங்க கை தளரல. நான்தான் கண்ண மூடிக்கிட்டு ஓடியிருக்கேன். அன்னைக்குப் பேசினது..."

"விடுங்க சார். வாங்க, அம்மாகிட்டச் சொல்லிடுவோம்."

"நான் சொல்றேன். நீங்க பக்கத்துல நில்லுங்க, போதும்."

பெரிய டாக்டர் அம்மா அதிகம் பேசாதவர். தாள்களை இரண்டு முறை படித்தார். அனுப்ப வைத்திருந்த கட்டுரையை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். ஒன்றரை வருஷ உழைப்பு அது. "அனுப்பறதுக்கு முன்னாடி தெரிஞ்சுதே" என்று மட்டும் சொன்னார். பிறகு தட்டக்காவைப் பார்த்து, "இப்ப என்ன செய்யலாம்?" என்று கேட்டார். பத்தொன்பது வருஷத்தில் அந்த அறையில் அக்காவிடம் அப்படி ஒரு கேள்வி கேட்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

அக்கா யோசிக்கவே இல்லை. "குளிர்பெட்டியில இருபத்தாறு ஆன்டிபாடி ஒதுக்கி வச்சிருக்கோம்மா. சரியில்லன்னு ஒதுக்கினது. ஆனா எல்லாத்தையும் மிதக்கிற வைரஸ வச்சும், ஆடற மேடையில வச்சும்தான் பார்த்திருக்கோம். ஒட்டி நிக்கிற இடத்துல எது நிக்கும்னு நாம இன்னும் கேட்கவே இல்ல. அத்தனையும் மறுபடி போடணும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"நாலு மாசம். நான் போடறேன்."

"நாங்க போடறோம்" என்றார் ஏழு சார்.

அந்த நாலு மாதமும் எங்கள் ஆய்வகத்தில் யாரும் வேகமாக நடக்கவில்லை. விளிம்புவரை நிரம்பிய பாத்திரத்தைத் தூக்கிப் போகிறவர் போல அக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு போவார். செல்கள் குழியின் அடியில் மெள்ளப் படிந்து, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்க வேண்டும். அதற்கு இடைஞ்சலாக இன்குபேட்டர் கதவை அடித்துச் சாத்தியவர் கதி அதோகதிதான். ஏழு சார் ஒரு அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டினார்: "மெதுவாகச் சாத்தவும். உள்ளே அக்காவின் பிள்ளைகள் கூடிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்." அக்கா அதைக் கிழிக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தோம். சொல்லவில்லை.

ஒன்று தோற்றது. மூன்று தோற்றது. பதினொன்று பாதிக்குப் பாதி. பத்தொன்பது, இருபத்திரண்டு, முப்பது எல்லாம் தோல்வி. வாரா வாரம் தாள்கள் என் மேசைக்கு வந்து அடுக்கில் ஏறின. இரண்டு மாதம் கழித்து ஏழு சார் சோர்ந்துபோனார். அக்கா சோரவில்லை, அடுத்த புட்டியை எடுப்பார், அவ்வளவுதான்.

மூன்றாம் மாதக் கடைசியில் ஒரு காலை, அக்கா உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். நான் போய் நின்றேன். உள்ளே நுண்ணோக்கியின் திரை என் பக்கம் திருப்பி வைத்திருந்தது. எனக்கு விஞ்ஞானம் தெரியாது. ஆனால் அந்தப் படத்தில் தெரிந்தது குழந்தைக்கும் புரிந்திருக்கும். பச்சைச் செல்களும் சிவப்புச் செல்களும் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஒவ்வொரு சிவப்பின் மேலும் ஒரு பச்சை சாய்ந்து கிடந்தது. ஆனால் சிவப்பு சிவப்பாகவே இருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பொட்டுகளைத் தவிரப் பச்சை அந்தப் பக்கம் கடக்கவில்லை. இதுவரை நான் பார்த்த படங்களில் எல்லாம் சிவப்புக்குள் பச்சைப் புள்ளிகள் விதைத்தது போல இருக்கும்.

கவசத்துக்குப் பின்னால் அக்காவின் கண்கள் சிரித்தன. கையுறை விரல்களால் எனக்குக் காட்டினார். முதலில் நாலு, பிறகு ஒன்று.

நாற்பத்தொன்று. மிதக்கிற வைரஸோடு செய்த சோதனையில் சுமார் என்று ஒதுக்கியது. தொண்ணூறு, தொண்ணூற்றைந்து என்றெல்லாம் அது ஒருபோதும் எட்டவில்லை, எண்பதைத் தொட்டதோடு சரி. ஆனால் செல்கள் ஒட்டி நின்ற இடத்திலும் அதே எண்பது. மற்றவை எல்லாம் சரிந்த இடத்தில் இது அசையவில்லை.

ஒரு முறை சூடு பட்டாயிற்று. பெரிய டாக்டர் அம்மா உடனே நம்பவில்லை, நம்பக் கூடாது என்பதுதான் அவர் வேலையும். ஏழு சாரைக் கூப்பிட்டு, ஆறு ஆன்டிபாடிகளைப் பெயர் எழுதாத புட்டிகளில் ஊற்றி, க, ச, ட, த, ப, ற என்று எழுதச் சொன்னார். எது எது என்ற பட்டியலை ஒரு உறையில் போட்டு ஒட்டி என்னிடம் கொடுத்துவிட்டார். அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைப் பார்த்துவிடும் இல்லையா? அந்த உறையை மூன்று வாரம் பூட்டி வைத்திருந்த எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

மூன்று சுற்று முடிந்த பிறகு நாலு பேரும் பெரிய டாக்டர் அறையில் கூடினோம்.

"எது?" என்றார் அம்மா.

"ட" என்றார் அக்கா. "மூணு தடவையும் ட. மத்ததுல எதுவும் கிட்ட வரல."

நான் உறையைக் கிழித்தேன். "ட, நாற்பத்தொன்று" என்று படித்தேன். ஏழு சார் மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். பெரிய டாக்டர் அம்மா எழுந்து வந்து தட்டக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் கையை யாரும் தளர்ந்துபோச்சுன்னு சொல்லக் கூடாது" என்றார். அப்படி ஒருவர் சொன்னது அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஏழு சார் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

புதுக் கட்டுரை எழுதும்போது அக்கா ஏழு சாரிடம், "கடைசியில நன்றின்னு போடுவீங்கல்ல, அதுல என் பேர்ல ஒரு எழுத்து எப்பவும் விட்டுப்போயிடுது, இந்தத் தடவை கொஞ்சம் பாருங்க" என்றார்.

"நன்றியில உங்க பேரு இல்ல அக்கா."

அக்காவின் முகம் ஒரு கணம் வாடியது.

"மேல இருக்கு. தலைப்புக்குக் கீழ, முதல் பேரா. என் பேரு ரெண்டாவது. அம்மாதான் அப்படிப் போடச் சொன்னாங்க. அவங்க சொல்லலன்னா நான் சொல்லியிருப்பேன்."

அக்கா தொட்டிக்குப் போய்க் கை கழுவினார். கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றார். கட்டுரை வெளிவந்த வாரம் அவருடைய கணவர் பழுதுபார்க்கப் போன லிஃப்டில் ஏறியவர்கள் யாரும் தப்பவில்லையாம். நாலாவது மாடி போய்ச் சேர்வதற்குள் முழுக் கதையும் சொல்லிவிடுவாராம். "ரெண்டாவது மாடியில இறங்க வேண்டியவங்களையும் மேல கூட்டிட்டுப் போயிருக்கார் பாவி மனுஷன்" என்று அக்கா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். குறைப்பட்டுக்கொண்ட மாதிரியே இல்லை.

வருஷத்துக்கு ஒரு முறை, ரத்தம் தருகிறவர்களைக் கூப்பிட்டு என்ன கண்டுபிடித்தோம் என்று சொல்வது எங்கள் வழக்கம். ஏழு சார் படம் போட்டுப் பேசுவார், அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு போவார்கள். இந்த முறை பெரிய டாக்டர் அம்மா, "நீங்க பேசுங்க" என்று அக்காவைக் காட்டிவிட்டார். கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். அக்கா மைக்கைப் பிடித்த விதம் பிப்பெட்டைப் பிடித்தது போல இருந்தது.

"எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்ல" என்று ஆரம்பித்தார். "ஆனா உங்க எல்லாரோட ரத்தத்தோடயும் பத்தொன்பது வருஷமா பழக்கம்."

கூடம் சிரித்தது. அதற்குப் பிறகு அவருக்குத் தடுமாற்றமே இல்லை. இரண்டு உள்ளங்கையையும் ஒட்டிவைத்துக் காட்டி, வைரஸ் எப்படி வெளியே வராமலே கைமாறுகிறது என்று சொன்னார். ஏழாம் எண்ணைப் பற்றிச் சொன்னார், ஆடிய தட்டைப் பற்றியும் மறைக்காமல் சொன்னார். ஏழு சார் எழுந்து, "அந்த ஆள் நான்தான்" என்று கையைத் தூக்கினார். பிறகு நாற்பத்தொன்று.

கடைசி வரிசையிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு பெண் கேட்டார். "அப்போ ஏழு தோத்துப்போச்சா?"

கேட்ட விதத்திலேயே அவர்தான் ஏழு என்று எனக்குத் தோன்றியது. அக்காவுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

"தோக்கலம்மா. வெளிய மிதக்கிறதப் பிடிக்கிறதுல இன்னைக்கும் ஏழுக்கு ஈடு இல்ல. நாங்க ரெண்டையும் ஒரே குழியில சேர்த்துப் போட்டோம். தனித்தனியா செஞ்சத விட ரெண்டும் சேர்ந்து நல்லா செஞ்சது. அதுவும் அந்தக் கட்டுரையில இருக்கு. ஏழு இல்லாம நாற்பத்தொண்ண நாங்க தேடியே இருக்க மாட்டோம்."

"மருந்தா எப்ப வரும்?" என்று இன்னொருவர் கேட்டார்.

"இது தட்டுல ஜெயிச்சிருக்கு. உடம்புல ஜெயிக்கணும். வருஷக்கணக்குல ஆகலாம், வராமலும் போகலாம். பொய் சொல்ல மாட்டேன். நீங்க தினம் போடற மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீங்க. அதான் உங்களை இப்படித் தெம்பா உக்கார வச்சிருக்கு."

கூட்டம் கலைந்த பிறகு நாங்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். வயது ஐம்பத்தைந்து இருக்கும், நல்ல உயரமான ஒருவர் தயங்கித் தயங்கி அக்காவிடம் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவராம். பின்னால் அவருடைய மனைவி. சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். ரத்தம் தருகிறவர்களுக்குத் தருகிற அட்டை. நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தது.

"நீங்க யாருன்னு எங்ககிட்டச் சொல்லணும்னு அவசியம் இல்லைங்க" என்றார் அக்கா.

"தெரியும். சொல்லணும்னு தோணுச்சு." அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டார். "ஒண்ணு கேக்கலாமா? அவ்வளவு நல்லதுன்னா அது ஏன் என்னையக் காப்பாத்தல?"

அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தார், தானும் எதிரே உட்கார்ந்தார்.

"இத செஞ்சு முடிக்க உங்க உடம்புக்குச் சில வருஷம் ஆகியிருக்கும். அதுக்குள்ள உங்க உடம்புல இருக்கிற வைரஸ் தன் முகத்த மாத்திக்கிச்சு. அதுங்கிட்ட இது செல்லுபடியாகாது. ஆனா மத்தவங்க உடம்புல இருக்கிற வைரஸ்ல நிறைய இன்னும் மாத்திக்கல. அதுங்களத்தான் உங்களோடது பிடிச்சு நிறுத்துது. எங்ககிட்ட இருக்கிறதுல பதினாலு வகையில பதினொண்ண நிறுத்திடுச்சு."

"அப்போ எனக்கு ஆகல. ஊருக்கு ஆகும்."

"ஆகும்னு நம்பறோம்."

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருபத்திரெண்டு வருஷம்" என்றார். "வேலையில கையில சின்னக் கீறல் விழுந்தாலும் துணியச் சுத்திக்கிட்டு ஓடிடுவேன். யாரும் பக்கத்துல வந்துடக் கூடாது. மாத்திரை போட ஆரம்பிச்சு, இனிமே யாருக்கும் போகாதுன்னு டாக்டர் சொன்னப்புறமும் ஓடுவேன். என் ரத்தத்த நினைச்சா எனக்கே அருவருப்பா இருக்கும். அதுல இப்படி ஒண்ணு ஓடிக்கிட்டிருந்திருக்கு. எனக்குத் தெரியவே இல்ல பாருங்க."

அக்காவின் கண் கலங்கிவிட்டது. அவர் அதைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"நான் அத பல மாசமா தினமும் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றார். "எங்க ஆய்வகத்துல அதைவிடக் கெட்டியானது எதுவும் இல்ல. வாங்க, காட்டறேன்."

வெளி அறையில் என் கணினியில்தான் அந்தப் படத்தைத் திறந்தோம். பச்சையும் சிவப்பும் ஒட்டிக் கிடக்கிற படம். எது எங்கே என்று அக்கா விரலால் காட்டிக்கொண்டே வந்தார். கிரேன் ஓட்டுபவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"எங்க, அந்தக் கோட்டுலயா நிறுத்துது?"

"அங்கதான். ஒட்டி நிக்குது பாருங்க, மயிரிழை இடம்கூட இல்ல. அந்த இடத்துல உங்களோடது நிக்குது. கடக்க விடல."

பின்னால் நின்ற மனைவி முன்னால் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார்.

"வீட்டுக்குள்ள வந்த எலியக்கூட இவர் இதுவரைக்கும் தடுத்ததில்லைங்க."

கிரேன் ஓட்டுபவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் சத்தமில்லாமல், பிறகு தோள்கள் குலுங்க. ஏழு சாரும் நானும் சேர்ந்துகொண்டோம். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை, திரையிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

"இத ஒரு படமா எடுத்துக் கொடுப்பீங்களா? கூடத்துல மாட்டணும்."

"வீட்டுக்கு வர்றவங்க இது என்னன்னு கேட்டா என்னடி சொல்லுவ?" என்றார் கிரேன் ஓட்டுபவர்.

"என் வீட்டுக்காரர்னு சொல்லுவேன்."

பெரிய அளவிலேயே எடுத்துக் கொடுத்தேன். அந்தத் தாளைச் சுருட்டினால் மடங்கிவிடும் என்று, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து நாலு பக்கமும் ஒட்டித் தந்தார் தட்டக்கா. கிரேன் ஓட்டுபவர் அதைக் கைக்கு அடியில் இடுக்கிக்கொள்ளவில்லை. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படியிறங்கினார். கீழே தெருவில் எதிரே வந்தவர்கள் வழிவிட்டு ஒதுங்க, நடுவில் நிமிர்ந்து நடந்து போனார்.